அம்பாசடரில் ஒரு பச்சைப் பட்டன்

ரிலே என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். போன மாதம் என் கணவர் எங்கிருந்தோ ஒரு பழைய அம்பாசடரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமையானால் அதன் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் யாரோ விளக்குவதைக் கேட்டபடி வயர் உரிக்கிறார். ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டால் வெளிச்சம் இரண்டு மடங்காகும் தெரியுமா என்று என்னிடமே வந்து சொல்கிறார். தெரியும் என்றேன். பதினோரு வயதிலிருந்தே தெரியும். பேட்டரியிலிருந்து பல்பு வரைக்கும் கரண்ட் எந்தெந்த வழியாகச் சுற்றிப் போகிறது, எந்த இணைப்பில் எவ்வளவு விரயமாகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். ஆரம்பித்தால் அன்றைக்குச் சமையல் நடக்காது என்று உள்ளே போய்விட்டேன்.

அப்போது நாங்கள் கேரளத்தில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில் இருந்தோம். ஒரே தகரக் கூரையின் கீழ் ஆறு வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்மல் கேட்கும். எங்கள் வீடு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பேரில் எஸ்டேட் கொடுத்தது. தாத்தா போன பிறகு, அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளியாகப் பேர் பதிந்தால்தான் அங்கே இருக்கலாம், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அம்மா நாலு வருடமாகக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள், ஆனால் டெம்பரரி. அந்த வருடம் பேர் பதியப்போகிறவர்களில் அவளும் உண்டு என்று சூப்பர்வைசர் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஓணம் கழிந்ததும் ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டுவார்கள். அதுவரை ஒரு நாள் லீவு போடக்கூடாது, எதிலும் போய் மாட்டக்கூடாது.

அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் இதுதான் பதில். பக்கத்து வீட்டுக் கோழி நம் வாசலை அசிங்கம் செய்ததா, பேசாதே, அம்மாவுக்குப் பேர் பதியணும். சூப்பர்வைசர் மகள் என் புதுப் பேனாவை எடுத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறாளா, விட்டுத்தொலை, அம்மாவுக்குப் பேர் பதியணும். எனக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் அடித்தபோதுகூட அம்மா கஞ்சியை மூடி வைத்துவிட்டுக் கொழுந்துக்குப் போனாள். பேர் பதிவதைப் போல ஒரு தொல்லை உலகத்தில் இல்லை என்று நான் நினைத்தேன்.

அப்பா எஸ்டேட் ஆள் இல்லை. கம்பத்துக்காரர். அவருடைய சொத்து ஒரு அம்பாசடர். எஸ்டேட் ஆஸ்பத்திரியிலிருந்த டாக்டர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனது, என்னைவிட இருபது வயது மூத்தது. காலையில் எட்டுப் பிள்ளைகளை அதில் அடைத்துக்கொண்டு போய் டவுன் பள்ளிக்கூடத்தில் விடுவார், சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவார். முன் சீட்டில் ஜன்னலோரம் சூப்பர்வைசர் மகள். என் அப்பாவின் வண்டி, ஆனால் ஜன்னல் அவளுக்கு. ஏன் என்று கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும். நான் நடுவில், கியர் கம்பி முட்டியில் இடிக்க உட்கார்ந்திருப்பேன்.

அந்த வண்டியின் ஹெட்லைட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது பக்கம் பழுத்த எலுமிச்சை நிறத்தில் எரியும். இடது பக்கம் எரிகிறதா இல்லையா என்று இறங்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் ஜூன் பிறந்துவிட்டால் மத்தியானம் மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிடும். கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. அதற்குள் இந்த இரண்டு மஞ்சள் பொட்டையும் வைத்துக்கொண்டு அப்பா நடை வேகத்தில் வண்டியை உருட்டுவார். நாலு மைலுக்கு ஒரு மணி நேரம். பின்சீட்டில் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் வாந்தி எடுக்கும்.

இது போதாதென்று ரோட்டில் விறகுக்காரிகள். வேலை விட்டதும் தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, அதன்மேல் சும்மாடு வைத்து, விறகுக் கட்டோடு நடு ரோட்டில் வரிசையாகப் போவார்கள். அப்பா ஹாரன் அடிக்க மாட்டார். அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "நம்ம அண்ணன் வண்டிதாம்ட்டி, மெதுவா நட" என்று ஒருத்தி சொல்வாள். அதன் பிறகு நாங்கள் அவர்களுக்குப் பின்னால் ஊர்வலம் போக வேண்டியதுதான். இதே பெண்கள், மேனேஜர் ஜீப்பின் வெள்ளை வெளிச்சம் வளைவில் தெரிந்தால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் கட்டோடு தேயிலைக்குள் இறங்கி மறைந்துவிடுவார்கள். காரணம் எனக்கும் தெரியும். விறகுக்கென்று வளர்க்கிற கிராண்டீஸ் யூகலிப்டஸ் மரங்கள் எஸ்டேட்டுடையவை. பேர் பதிந்தவர்களுக்கு எஸ்டேட்டே விறகு கொடுக்கும், டெம்பரரிகளுக்குக் கிடையாது. அவர்கள் கீழே விழுந்த கிளையைப் பொறுக்கினாலும் குற்றம். அந்த வருடம் மேனேஜர் இன்னும் ஒருபடி மேலே போய், விறகோடு பிடிபட்டால் பட்டியலிலிருந்து பேரை வெட்டிவிடுவேன் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். இவ்வளவும் தெரிந்திருந்தும் என் புத்தியில் தைத்தது ஒன்றுதான். ஜீப்புக்கு விலகுகிறார்கள், எங்களுக்கு விலகுவதில்லை.

எங்கள் வீட்டுக்கு விறகு எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருப்பாள், அடுப்புக்குப் பின்னால் விறகு இருக்கும். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூன் கடைசியில் வண்டியை ஃபிட்னஸ் டெஸ்டுக்குக் கொண்டு போனார் அப்பா. அது இல்லாமல் பிள்ளைகளை ஏற்றக்கூடாது. பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமை என்பதால் நானும் போனேன். வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர் மலையாளி, நல்ல மனுஷர். பிரேக் பார்த்தார், ஹாரன் பார்த்தார், லைட்டைப் போடச் சொன்னார். போட்டோம். குனிந்து பார்த்தார். கையை வைத்து மறைத்துப் பார்த்தார். "இது லைட்டோ மெழுகுதிரியோ?" என்று கேட்டார். சுற்றி நின்ற டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இரண்டு வாரம் தவணை கொடுத்து, லைட் சரியில்லாவிட்டால் இந்த வண்டி பள்ளிக்கூட வாசலுக்குப் போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இனிமேலாவது லைட் மாறும்.

மறுநாளே மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி, எஸ்டேட் பேக்டரியில் கான்ட்ராக்ட் வயர்மேன், அவருக்கும் பேர் பதிவு கிடையாது. உலகத்தில் நடக்கும் எல்லாக் கெடுதலுக்கும் காரணம் வோல்டேஜ் குறைவதுதான் என்று நம்புகிறவர். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்தபோதுகூட அப்படித்தான் சொன்னார். மீட்டரை எடுத்து வண்டியின் மேல் கவிழ்ந்து அரை மணி நேரம் அளந்துவிட்டு நிமிர்ந்தார்.

"மச்சான், பேட்டரியில பன்னெண்டரை வோல்ட்டு இருக்கு. பல்புகிட்ட ஒம்போதுதான் வருது. மீதி மூணரை எங்கன போச்சு? வழியிலயே தின்னுட்டானுவ."

"யாரு?" என்றார் அப்பா.

"சுவிட்சு, ஜாயிண்டு, துரு, எல்லாந்தான். பேட்டரியிலேருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, அங்கேருந்து காலடியில இருக்க டிம்மர் சுவிட்சுக்குப் போயி, மறுபடி முன்னால ஓடி, அதுக்குப் பொறவுல்லா பல்புக்குப் போவுது! இத்துப்போன நூல் வயரு. பேக்டரியில ரோலர் மோட்டர கைச்சுவிட்சுலயா ஓட்டுதோம்? சூப்பர்வைசர் வெரலக் காட்டுதாரு, ஆளு தூக்குதான். அதுமாரி சுவிட்சு வெரலக் காட்டட்டும், தூக்குததுக்கு ரிலே இருக்கட்டும். பேட்டரியிலேருந்து தடி வயரு, நடுவுல ஒரு பியூசு, நேரா பல்பு. முடிஞ்சுது சோலி."

எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. பதினோரு வயதுப் பிள்ளைக்குப் புரிந்தது நாற்பது வயது அப்பாவுக்குப் புரியவில்லை. வெளிச்சம் அதிகமானால் பேட்டரி தாங்காது என்றார். தாங்கும் என்று மாமா கணக்குப் போட்டுக் காட்டினார். எதிரே வருகிறவன் கண் கூசும் என்றார். லைட்டின் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கிறேன் என்றார் மாமா. மஞ்சில் வெள்ளை வெளிச்சம் முகத்திலேயே திருப்பி அடிக்கும் என்றார். அது உண்மைதான், ஆனால் அதற்கும் மஞ்சள் கண்ணாடி போடலாம் என்றார் மாமா. கடைசியில் அப்பா, பூச்சி வந்து விழும் என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். அந்தக் குளிரில் எந்தப் பூச்சி வரும்? எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அப்ப டெஸ்டுல என்ன செய்யப் போறீக மச்சான்?" என்று மாமா குரலை உயர்த்தினார்.

"டெஸ்டுக்கு மட்டும் எரியிற மாதிரி பண்ணு மாப்ள. மத்த நாளைக்குப் பழசு இருக்கட்டும்."

மாமா மீட்டரைக் கீழே வைத்தார். "கிறுக்கு புடிச்சிருக்கா உங்களுக்கு?" என்று கேட்டே விட்டார். நான் மனசுக்குள் கை தட்டினேன். அப்போது உள்ளேயிருந்து அம்மா, "தம்பி, இங்க வா" என்று கூப்பிட்டாள். அடுப்படியில் என்ன பேசினார்களோ தெரியாது, ஒரு தம்ளர் காப்பி குடிக்கிற நேரம். வெளியே வந்த மாமா வேறு ஆளாக இருந்தார். "சரி மச்சான், ரெண்டையும் வச்சிருவோம்" என்றார். அந்தக் காப்பியில் அம்மா என்னத்தைக் கலந்து கொடுத்தாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டில் புத்தியுள்ளவர் ஒருத்தர் இருந்தார், அவரும் கவிழ்ந்துவிட்டார்.

பழைய வயரிங்கை அப்படியே விட்டுவிட்டுத் தனியாக இன்னொன்று போட்டார் மாமா. போட்டவர் பேக்டரி வயர்மேன் இல்லையா, கார்க்காரன் செய்வது போலச் செய்வாரா? பேக்டரியில் மோட்டருக்கு ஒரு பச்சைப் பட்டனும் ஒரு சிவப்புப் பட்டனும் இருக்கும். பச்சையை ஒரு தடவை அமுக்கிக் கையை எடுத்துவிட்டால் மோட்டர் தானாகப் பிடித்துக்கொண்டு ஓடும், சிவப்பை அமுக்கினால்தான் நிற்கும். அதே ஏற்பாட்டை எங்கள் ஹெட்லைட்டுக்குச் செய்துவிட்டார். பேக்டரியில் கழித்துப் போட்ட பட்டன்கள், ஒவ்வொன்றும் எட்டணா நாணயம் அகலம். பச்சையை டேஷ்போர்டுக்குக் கீழே நடுவிலும், சிவப்பை ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம் அப்பாவின் வலது முட்டிக்கு மேலேயும் பொருத்தினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவசரத்தில் மாற்றி அமுக்கிவிடுவோமாம், அது பேக்டரிச் சட்டமாம். கார் ஓட்டுகிறவர் சிவப்பைத் தேட வேண்டுமானால் குனிய வேண்டும் என்பதைப் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

டெஸ்டில் மாமாவே பச்சையை அமுக்கினார். 'டிக்' என்று ஒரு சத்தம். எதிர்ச் சுவர் பளீரென்று வெள்ளையாகிவிட்டது. அந்தச் சுவரில் எப்போதோ எழுதி அழிந்துபோன கட்சிச் சின்னம்கூடத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் பட்டனைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், "இதெந்தா?" என்றார். "பேக்டரி சிஸ்டம் சார்" என்றார் மாமா நெஞ்சை நிமிர்த்தி. இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அப்பா அந்தப் பட்டனைத் தொடவில்லை. இரண்டு மடங்கு வெளிச்சத்தை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி அதே எலுமிச்சை வெளிச்சத்தில் உருட்டிக்கொண்டு போனார். என் முட்டிக்கு நேரே பச்சைப் பட்டன் சும்மா கிடந்தது. பிரியாணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய கஞ்சி குடிக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துக்கொண்டு வந்தேன், ஒரு மாதம். ஏம்ப்பா என்று கேட்டால், "சும்மா வா" என்பார். இன்னொரு தடவை கேட்டால், "அம்மாவுக்குப் பேர் பதியிற வரைக்கும் போவட்டும்" என்பார். ஹெட்லைட்டுக்கும் பேர் பதிவதற்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நாள் ஆகஸ்டில் வந்தது. மூன்று நாளாக விடாத சாரல், கொழுந்து வேலையும் அன்று நேரம் கழித்துத்தான் விட்டது. பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமாகி, நாங்கள் கிளம்பும்போதே ஐந்தரை. மஞ்சு கெட்டியாக நின்றது. கடைசி வளைவுக்கு முன்னால் வழக்கம்போல விறகுக்காரிகள், ஏழெட்டுப் பேர். பிளாஸ்டிக் தாளும் அதற்கு மேலே கட்டும்தான் தெரிந்தது, ஆள் அடையாளம் தெரியவில்லை. அப்பா வேகத்தைக் குறைத்தார். ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "நம்ம வண்டிதாம்ட்டி." அவர்கள் பாட்டுக்கு நடந்தார்கள்.

சூப்பர்வைசர் மகள் ஜன்னலில் தாடையை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டாள். "எங்க அப்பாகூட ஜீப்புல வந்தா ஒருத்தரும் ரோட்டுல நிக்க மாட்டாங்க. உங்க வண்டிக்கு எருமைகூட வெலகாது" என்றாள்.

என் பேனாவை வைத்திருந்தவள், என் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பச்சைப் பட்டனை ஓங்கி அமுக்கினேன்.

'டிக்.'

மஞ்சு முழுக்க வெள்ளையாகிவிட்டது. அப்பா சொன்னது சரிதான், வெளிச்சம் திரும்பி வந்து எங்கள் முகத்திலேயே அடித்தது. ஆனாலும் நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். ரோட்டில் ஒரு சத்தம், கட்டுகள் தொம் தொம்மென்று விழுகிற சத்தம். பிளாஸ்டிக் தாள்கள் சடசடவென்று இரண்டு பக்கமும் சிதறின. கண்ணுக்கு எதிரே ரோடு காலியாகிவிட்டது. விறகைத் தவிர ஒன்றும் இல்லை. பின்சீட்டுப் பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். நான் சிரித்தேன். பிறந்ததிலிருந்து முதல்முறையாக எங்கள் வண்டிக்கு ஊர் விலகியது. சூப்பர்வைசர் மகளைத் திரும்பிப் பார்த்து, "இப்ப என்ன சொல்லுத?" என்று கேட்டேன்.

அப்பா பிரேக்கை மிதித்துவிட்டுக் குனிந்து சிவப்புப் பட்டனைத் தேடினார். சட்டென்று அகப்படவில்லை. அகப்பட்டு அமுக்கியதும் வண்டிக்கு முன்னால் மறுபடி இருட்டியது போலாகிவிட்டது. "யாரும் எறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ரோட்டோரத்தில் போய் நின்று, பள்ளத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நாந்தான், பயப்படாதீங்க. லைட்டு தவறிப்போய் எரிஞ்சிருச்சு. யாருக்கும் அடிகிடி படலையே?"

இன்னொரு முறை கேட்டார். கீழே தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஒண்ணுமில்லண்ணே. பிள்ளைகளக் கூட்டிட்டுச் சீக்கிரம் போங்க."

அப்பா விறகுக் கட்டுகளை இழுத்து ஓரமாகப் போட்டார். போட்டுக்கொண்டே வந்தவர், ரோட்டில் கிடந்த ஒரு சும்மாட்டைக் குனிந்து எடுத்தார். சுருட்டியிருந்த பச்சைச் சேலைத்துண்டு. அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். எவ்வளவு நேரம்தான் ஒரு கந்தலைப் பார்ப்பார் என்று எனக்குப் பொறுமை போயிற்று. சூப்பர்வைசர் மகள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "யாரு டிரைவர் மாமா? யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு பள்ளத்தைப் பார்த்தார்.

"யாரும் இல்ல பாப்பா. ஓடிட்டாங்க" என்றார். துணியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு வந்து வண்டியை எடுத்தார். கண்ணாடி துடைக்கத்தான் எடுத்தார் என்று நினைத்தேன், துடைக்கவில்லை. என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை. அந்த மங்கல் வெளிச்சத்தில் அதுவரை அவர் போகாத வேகத்தில் போனார். ஒவ்வொரு பிள்ளையாக இறக்கிவிட்டு, என்னையும் இறக்கிவிட்டு, டயர் சத்தம் சரியில்லை, பார்த்துட்டு வரேன் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

வீட்டில் அம்மா இல்லை. அடுப்பு பற்றவைக்கவில்லை. பசியில் எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. ஒரு மணி நேரம் கழித்து அப்பாவும் பக்கத்து வீட்டு அத்தையும் அம்மாவை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இடுப்பு வரைக்கும் சேறு. கை முழுக்கக் கீறல். வலது கணுக்கால் தேங்காய் போல வீங்கியிருந்தது.

"பைப்படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள் அம்மா.

"குடம் எங்க?"

"அங்கனயே கெடக்கு."

குடம் மூலையில் நிறையத் தண்ணீரோடு இருந்தது. நான் அதைக் காட்டினேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள்.

எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. மறுநாள் காலையில் அப்பா முதல் வேலையாகக் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போய் ரிலேயையும் பட்டனையும் வயரோடு பிடுங்கிப் போட்டார். நான் கத்தினேன். இந்த வண்டியில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான், அதையும் பிடுங்கிப் போட்டால் எப்படி என்று அழுதேன். அவர் பிளேயரைத் துடைத்து எடுத்து வைத்தார். மாமா வந்தார், அறுந்து கிடந்த வயர்களைப் பார்த்தார். வோல்டேஜ், ஆம்பியர் என்று ஒரு மணி நேரம் பேசுகிறவர், குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன்.

ஓணம் வந்தது, போனது. ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அம்மாவின் பேர் இல்லை. தொடர்ந்து வேலைக்கு வந்திருக்க வேண்டும், அவள் வரவில்லை. நாலு வருடம் வந்தது கணக்கில் இருந்தது, அந்த ஆறு வாரம் வராததும் கணக்கில் இருந்தது. சூப்பர்வைசரே வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போனார். விறகு விஷயம் அவர் காதுக்கு எட்டவே இல்லை. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது.

சாமான் கட்டிய அன்று நான் பொறுக்க முடியாமல் வெடித்தேன். குமுளியில் ஏதோ ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. என் பள்ளிக்கூடம் போகிறது, என் சிநேகிதிகள் போகிறார்கள். ஆறு மாதமாகப் பேர் பதியணும், பேர் பதியணும் என்று என் வாயை அடைத்துவிட்டு, கடைசியில் காரியத்தைக் கெடுத்தது யார்? அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டிப் பாத்திரங்களுக்குப் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி புடிக்கப் போற எடத்துல கண்ணத் தொறந்துட்டு நடக்கக் கூடாதா? ஒன்னாலதான் வீடு போச்சு" என்றேன்.

அப்பா கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்தார். வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் சிரித்த மாதிரி, "என்னட்டி செய்ய, கண்ணு கூசிப்போச்சு" என்றாள்.

பைப்படியில் ஒரு பல்புகூடக் கிடையாது. பொழுது சாய்ந்துவிட்டால் அங்கே தீக்குச்சி கிழித்துத்தான் குடத்தின் வாயைத் தேட வேண்டும். அங்கே என்ன கண் கூசும்? வழுக்கியது என்றாள், குடம் அங்கே கிடக்கிறது என்றாள், இப்போது கண் கூசியது என்கிறாள். எனக்கு வந்த எரிச்சலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "இந்த வீட்டுல ஒருத்தருக்காவது ஒழுங்காப் பொய் சொல்லத் தெரியுதா?" என்று கேட்டேன்.

அம்மா அடுத்த பாத்திரத்துக்குப் பேப்பர் எடுத்தாள், அப்பா கட்டில் காலைக் கழற்றக் குனிந்தார். யாரைக் காப்பாற்ற அந்தப் பொய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அம்மாவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியில், என் புத்தகங்களைச் சாக்குப்பையில் அடுக்கப் போனேன்.